தனுஷ்கோடி படமும் ரிசார்ட் சுவரும்

வாசகர் கடிதம், சுருக்கமாக

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு புகைப்படக் கலைஞர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 44. வங்கி வேலையை விட்டுவிட்டு 16 ஆண்டுகளாக நிலக்காட்சிகளும் பயணப் படங்களும் எடுத்து வருகிறார். வீட்டை நடத்துவது கல்யாண ஆர்டர்கள். மனசு கிடப்பது கடற்கரையிலும் உப்பளத்திலும்.

2015 டிசம்பர் கடைசியில், தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருவதற்கு முன், அங்கே இடிந்து நிற்கும் தேவாலயத்தை ஒரு விடியற்காலையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் படம்தான். பத்துப் பிரதிக்கு மேல் போடுவதில்லை என்று சொல்லி, இதுவரை ஏழு பிரதிகள் விற்றிருக்கிறார். போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு மலைவாசஸ்தலத்து ரிசார்ட்டிலிருந்து செல்போனில் ஒரு படம் அனுப்பினார். வரவேற்பறைச் சுவரில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு அதே தேவாலயம். மூலையில் இருந்த கையெழுத்தைக் காணோம்.

மேலாளரிடம் கேட்டால், "இன்டீரியர் பண்ணினவர் கூகுளில் எடுத்துக் கொடுத்தார், அதில் யார் பெயரும் இல்லை. அப்புறம், அந்தச் சர்ச் நீங்கள் கட்டியதா சார்? கடலும் வானமும் கடவுள் படைத்ததுதானே?" என்றாராம். சமாதானமாக இரண்டு இரவு இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

வருத்தம் இன்னொன்றும் உண்டு. இவருடைய பயிற்சிப் பட்டறைக்கு வந்த ஒரு பையன் அதே இடத்தில் நின்று அதே தேவாலயத்தை எடுத்து, ஒரு போட்டியில் பரிசும் வாங்கிவிட்டான். "அந்த ஆங்கிள் என்னுடையது" என்கிறார் வாசகர். கடைசியாக ஒரு தயக்கம். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் படத்தை 35,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். எங்கிருந்தோ கேள்விப்பட்ட அவருடைய மகன் போன் செய்து, "எங்க அம்மா படத்தை வித்தீங்களாமே" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

படத்தைப் பதிவு செய்யவில்லை, வாட்டர்மார்க்கும் போடவில்லை, உரிமை போய்விட்டதா? இருவர் மீதும் வழக்குப் போடலாமா? போலீசுக்குப் போகலாமா? அந்த அம்மாவுக்கு நான் சட்டப்படி ஏதாவது தர வேண்டுமா? இவைதான் கேள்விகள்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

என்னிடமும் ஒரு பழைய கேமரா இருக்கிறது. அதில் நான் எடுத்தவை எல்லாம் உச்சி வெட்டுப்பட்ட கோபுரங்கள். ஆகவே கலை பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் கணினியில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தேவாலயப் படத்தின் வலது ஓரத்தில், மழைநீர் தேங்கிய மணலை ஒட்டி ஒரு நாய் படுத்திருக்கிறது. உடம்பு கூர்மையாகப் பதிந்திருக்கிறது. தலை மட்டும் புகை மாதிரி கலங்கியிருக்கிறது. முப்பது விநாடி ஷட்டர் திறந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் அது ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறது. அந்த நாயை மறந்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

முதலில் மேலாளரின் கேள்வி. அது உங்களைச் சுட்டிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆறு பக்கத்தில் நான்கு தடவை அதற்குத் திரும்பி வருகிறீர்கள். கடலுக்கும் வானத்துக்கும் யாரும் பதிப்புரிமை கேட்க முடியாது என்பது உண்மைதான். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்துக்கும் நீங்கள் கேட்க முடியாது. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தைக் 'கலைப்படைப்பு' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது, அதில் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். பொருள் யாருடையது என்று சட்டம் பார்ப்பதில்லை. எங்கே நின்றீர்கள், எந்த வெளிச்சத்துக்குக் காத்திருந்தீர்கள், எதை ஃப்ரேமுக்கு வெளியே விட்டீர்கள் என்று பார்க்கிறது. தனுஷ்கோடிக்கு முன்னாலேயே, முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துபோன காலத்தில், மீனவர்களின் வேனில் தொற்றிக்கொண்டு பதினோரு முறை போய் வந்திருக்கிறீர்கள். அந்த உழைப்புக்காக மட்டும் உரிமை கிடைக்காது. உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத் திறன் வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பன்னிரண்டாவது முறை போக வேண்டாம், இதுதான் என்று முடிவு செய்தீர்களே, அங்கேதான் உங்கள் உரிமை பிறக்கிறது.

பதிவும் வாட்டர்மார்க்கும்

பதிவு செய்யாததால் உரிமை போய்விடாது. ஷட்டரை அழுத்திய நொடியில் அது வந்துவிடுகிறது. பதிவு செய்திருந்தால், எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும் வரை நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும், அவ்வளவுதான். கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இப்போதும் விண்ணப்பிக்கலாம். வாட்டர்மார்க் இல்லாத படம் பொதுச்சொத்து என்பது இணையத்தில் பிறந்த கட்டுக்கதை. கூகுள் ஒரு தேடுபொறி. அதில் கிடைத்தது என்பதற்கு, தெருவில் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டேன் என்பதற்குள்ள மதிப்புதான். காலவரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகைப்படத்துக்கு வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு என்றிருந்த பழைய கணக்கு 2012 திருத்தத்தோடு போய்விட்டது. இப்போது எடுத்தவரின் ஆயுளும், அதற்குப் பிறகு 60 ஆண்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி

இரண்டாம் பக்கத்தில், "ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேலையாக ராமேஸ்வரம் போயிருந்தபோதுதான் இது அமைந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு ஞாபகக் குறிப்பு. எனக்கு இந்தக் கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான்.

பணம் கொடுத்து ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். இதைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாண ஆல்பத்துக்கும் இதே விதிதான் என்பது கல்யாண போட்டோகிராபர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தேவாலயப் படம் அந்த நிறுவனத்தின் வேலைக்குள் அடங்கும் என்றால் படம் அவர்களுடையது. அப்போது ரிசார்ட் மீது வழக்குப் போடும் தகுதி உங்களுக்கு இருக்காது. அது மட்டுமில்லை, நீங்கள் விற்ற ஏழு பிரதிகளும் கேள்விக்குள்ளாகும்.

உங்களுக்குச் சாதகமான ஒன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. நிறுவனம் கேட்டது கோயில் பிராகாரம், பாம்பன் பாலம், அவர்களுடைய ஓட்டல் அறைகள். அந்த வேலை முடிந்த பிறகு சொந்தச் செலவில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினீர்கள். படம் அந்த இரண்டாவது விடியலில் எடுத்தது. இது சரியாக இருந்தால் படம் அவர்கள் கேட்டு எடுத்ததல்ல. ஆனால் இதை நிரூபிக்க வேண்டும். அவர்கள் வேலை கொடுத்த மின்னஞ்சல், நீங்கள் அனுப்பிய பில், படங்களை ஒப்படைத்த தேதி, அந்த இரண்டு நாளுக்கான லாட்ஜ் ரசீது, இவற்றையெல்லாம் தேடி எடுங்கள். லாட்ஜ் ரசீது கிடைக்காவிட்டால் அன்றைய ஏடிஎம் பதிவாவது வங்கிக் கணக்கில் இருக்கிறதா பாருங்கள். வங்கியில் வேலை பார்த்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இது கையில் வரும் வரை யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். அதைவிட நல்லது, அந்த நிறுவனத்தோடு உறவு சுமுகமாக இருந்தால், இந்தப் படத்தில் தங்களுக்கு உரிமை இல்லை என்று நான்கு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

ரிசார்ட்டை என்ன செய்யலாம்

உரிமை உங்களுடையது என்று உறுதியானால் இந்தப் பகுதி எளிது. உங்கள் அனுமதியில்லாமல் படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டது மீறல். அவர்கள் உங்கள் பிரதியில் ஒன்றை விலை கொடுத்து வாங்கி அதிலிருந்து அச்சிட்டிருந்தாலும் மீறல்தான். வாங்கியவருக்குச் சொந்தம் அந்தக் காகிதம் மட்டுமே. ஏதோ ஒரு சட்டப்பிரிவு, பொது இடத்துக் கட்டடத்தைப் படமெடுக்க அனுமதிக்கிறது என்று அவர்கள் வக்கீல் சொல்லக்கூடும். அந்த விலக்கு கட்டடத்தைப் படமெடுப்பவருக்கு, அதாவது உங்களுக்கு. உங்கள் படத்தைப் பிரதியெடுப்பவருக்கு அதில் இடமில்லை.

இங்கேதான் நாய் வருகிறது. நண்பர் அனுப்பிய செல்போன் படத்தை நன்றாகப் பாருங்கள். கையெழுத்து இருந்த இடது மூலையை வெட்டியவர்கள் வலது ஓரத்தைத் தொடவில்லை. கலங்கிய தலையோடு நாய் அப்படியே சுவரில் கிடக்கிறது. வேறு யாரோ எடுத்த படம் என்று அவர்கள் வாயைத் திறக்கவே முடியாது. அந்த ஒரு கணம் உங்கள் ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்த மூல ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஃபைல் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் இன்னொரு காப்பி எடுத்துவிடுங்கள். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்ட, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். மூல ஃபைலைத் திறந்து மறுபடி சேமித்து வைக்காதீர்கள்.

அடுத்தது, நண்பரையோ வேறு யாரையோ அந்த ரிசார்ட்டில் ஒரு இரவு காசு கொடுத்துத் தங்கச் சொல்லி, சுவரைப் பல கோணத்தில் எடுத்து, பில்லையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் இலவசத் தங்கலை ஏற்க வேண்டாம். பிறகு அதுவே 'கணக்குத் தீர்ந்தது' என்று காட்டப்படும்.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ். ரிசார்ட், இன்டீரியர் செய்தவர், தெரிந்தால் அச்சடித்த கடை, மூவருக்கும் அனுப்பலாம். கேட்க வேண்டியவை மூன்று: படத்தை இறக்குவது அல்லது முறையான உரிமம் பெறுவது, இதுவரை பயன்படுத்தியதற்குக் கட்டணம், உங்கள் பெயர். கட்டண விஷயத்தில் கால்களைத் தரையில் வையுங்கள். 'ஒரு கோடி கேட்கலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கலாம், கிடைக்காது. இதே அளவில் சுவர்ப்படத்துக்கு நீங்கள் வேறு யாருக்காவது கொடுத்த உரிமக் கட்டணம் என்ன என்பதுதான் நீதிமன்றம் முதலில் கேட்கும். அப்படி ஒரு பில் உங்களிடம் இருந்தால் அது ஒரு கோடியைவிடப் பயனுள்ளது.

வழக்கு என்று வந்தால் அலைச்சலுக்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரை எல்லையாகக் கொண்ட நீதிமன்றத்திலேயே போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு வழி விடுகிறது. மதிப்பு மூன்று லட்சத்துக்குக் குறையாமல் இருந்து வணிக நீதிமன்றத்துக்குப் போனால், அவசரத் தடை கேட்காத வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும். உங்கள் வழக்கு அங்கேயே முடியும் என்பது என் கணிப்பு. காலவரம்பு மூன்று ஆண்டு. படம் சுவரில் இருக்கும் வரை மீறல் தொடர்கிறது என்று வாதிடலாம்தான், அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

கையெழுத்தை வெட்டியது தனி விஷயம். பதிப்புரிமையை விற்றுவிட்ட கலைஞருக்கும்கூடத் தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு விட்டுவைக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனின் சுவரிலிருந்து தன் வெண்கலச் சிற்பத்தை அகற்றிச் சிதைத்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசின் மீதே வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சியதைத் திருப்பித் தரச் சொல்லி, ஐந்து லட்சம் இழப்பீடும் விதித்தது. சிற்பம் அகற்றப்பட்டது 1979இல் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

போலீஸ் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தெரிந்தே செய்த மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'தெரிந்தே' என்பதை நிரூபிக்க வேண்டும். எஃப்ஐஆர் போட்ட பிறகு எதிர்த்தரப்பு பேச்சுக்கு வராது. உங்களுக்கு வேண்டியது பேச்சு.

அந்தப் பையனின் படம்

இனி உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். மாணவன் மீது உங்களுக்கு வழக்கு இல்லை.

ஒரு கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த வரி இன்றுவரை அசையவில்லை. தனுஷ்கோடித் தேவாலயத்தைத் தாழ்ந்த கோணத்தில், முன்னால் தண்ணீர் வைத்து எடுப்பது கருத்து. நீங்கள் ஓர் ஆங்கில வழக்கைச் சுட்டியிருக்கிறீர்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் சிவப்புப் பேருந்து, பின்னணி முழுக்கக் கறுப்பு வெள்ளை. அதே மாதிரி இன்னொரு படம் செய்த தேயிலை நிறுவனம் 2012இல் தோற்றது. சரி, ஆனால் அந்தப் படம் கணினியில் கூட்டிக் கழித்து உருவாக்கப்பட்டது. எதிர்த்தரப்பு ஏற்கனவே ஒருமுறை மீறிப் பிடிபட்டு, அதைச் சுற்றிவர இரண்டாவது படத்தைத் தயாரித்தது. அங்கேயே அந்தத் தீர்ப்பு அதிகம் விமர்சிக்கப்பட்டது, நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

பையனின் படத்தை உங்கள் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது மாலை, வண்ணப் படம். தண்ணீர் வற்றிவிட்டது. இடது பக்கம் சங்கு, பாசி விற்கும் கடையின் நீலத் தார்ப்பாய் காற்றில் உப்பிக்கொண்டு நிற்கிறது, அதன் பின்னால் சுற்றுலா வேன்கள். நீங்கள் எடுத்தது ஆளில்லாத தனுஷ்கோடி. அவன் எடுத்தது 2017இல் ரோடு வந்த பிறகு கூட்டம் சேர்ந்துவிட்ட தனுஷ்கோடி. சுவரின் சாய்வு ஒன்றுதான், ட்ரைபாட் நின்ற இடமும் ஒன்றுதான். "இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்" என்று அந்த இடத்தைக் காட்டியதே நீங்கள்தான். அதற்குத் தலைக்கு 4,500 ரூபாய் கட்டணமும் வாங்கியிருக்கிறீர்கள். எந்த நீதிபதியும் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார். உங்களுக்கு வலிக்கிறது என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் அவனுக்கு நோட்டீஸ் அனுப்பினால் அந்த வலி பட்டறை நடத்தும் உங்கள் பெயரையும் சேர்த்துத் தாக்கும்.

உப்பளத்து அம்மா

இந்தக் கேள்வியைக் கடைசிப் பக்கத்தில், தேதிகூடப் போடாமல் எழுதியிருக்கிறீர்கள். படத்தை நினைவுபடுத்திக்கொள்கிறேன். வெள்ளை வெளேர் என்ற பாத்தி, நடுவில் ஒருவர் மட்டும், உப்பு வாரும் பலகையோடு. தலையில் துண்டு, அதன் கீழே கண்கள் வெயிலுக்குச் சுருங்கி நேராக லென்ஸைப் பார்க்கின்றன. முகம் தெளிவாகத் தெரிகிறது. கடிதத்தில் ஷட்டர் வேகம் இருக்கிறது, லென்ஸ் எண் இருக்கிறது, ஃபில்டர் பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. விற்ற பணத்தில் பங்கு தரவேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஆனால் தன் உருவம் எங்கே, எதற்குப் பயன்பட வேண்டும் என்பதில் ஒருவருக்கு உரிமை உண்டு. 1994இல், ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய வழக்கில் கிளைவிட்ட தனியுரிமை, 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அடிப்படை உரிமை என்று அறிவித்ததில் வேரூன்றிவிட்டது. கண்காட்சியில் ஒரு பிரின்ட் தொங்குவதை நியாயப்படுத்திப் பேசலாம். அதே படத்தை நாளைக்கு ஒரு உப்புக் கம்பெனி பாக்கெட்டில் போடக் கேட்டால், அவர் எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். இதற்கு முன் உங்களிடம் வாங்கியவருக்கும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று இப்போதே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். உப்பளம் தனியார் இடம் என்பதால், உள்ளே போக யாரிடம் அனுமதி கேட்டீர்கள் என்பதும் எழலாம். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஓவியம் மறுபடி பத்தாயிரத்துக்கு மேல் கைமாறினால் ஓவியருக்குப் பங்கு கேட்கும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் புகைப்படத்தைச் சேர்க்கவில்லை. நீங்கள் 35,000க்கு விற்றதை வாங்கியவர் நாளைக்கு மூன்று லட்சத்துக்கு விற்றாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், அந்த மகன் ஏன் மேற்கொண்டு பேசாமல் போனை வைத்தார் என்று புரியலாம்.

அவர் எண் உங்கள் போனில் இருக்கிறது. கூப்பிடுங்கள். வக்கீல் சொன்னார் என்று என்னை இழுக்க வேண்டாம். நேரில் போய் அந்த அம்மாவிடம் பெயரைக் கேளுங்கள், எவ்வளவுக்கு விற்றீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள். ஒரு தொகை கொடுங்கள்; எவ்வளவு என்பதை நான் சொல்லமாட்டேன். சம்மதக் கடிதத்தை அதே நாளில் நீட்டாதீர்கள். காசும் காகிதமும் ஒன்றாக வந்தால் மிரட்டல் மாதிரி இருக்கும். அடுத்த முறை போகும்போது, அவருக்குப் புரியும் தமிழில், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டி வாங்குங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் மீதிப் பிரதிகளை விற்காதீர்கள்.

போகும்போது ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பனைப் பிரதிகளின் எண்ணிக்கையில் சேராதது என்று பின்பக்கம் எழுதித் தேதி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிரதிகள் இவ்வளவுதான் என்று நம்பி வாங்கியவர் நாளைக்குக் கேள்வி கேட்பார். இரும்பு ஃப்ரேம் போட வேண்டாம். அந்த உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் துரு ஏறிவிடும்.